பட்டியலில் இல்லாத திசிரி

தலைமையேற்றிருக்கும் மாதர் மன்றத் தலைவி துதா அவர்களே, மலைச்சரிவெல்லாம் நடந்து வந்து முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்தோர்களே, முதுகில் பிள்ளையும் முகத்தில் பெருமிதமுமாய் நிற்கும் தாய்மார்களே, அட்லஸ் மலையின் அருமைச் செல்வங்களே! அனைவருக்கும் நம் மொழியில் என் அன்பான வணக்கம், அஸூல்!

பெயர் வைப்பது யார் உரிமை? பெற்றவள் உரிமையா, பேரேட்டின் உரிமையா?

நம் இட்டோவுக்குப் பெண் பிறந்தது. நிலவொளியே மடியில் விழுந்ததென்று மகிழ்ந்து, நம் மொழியில் அதே பொருள்தரும் திசிரி என்று பெயரிட்டாள். கணவன் மோஹாவோடு பதிவு அலுவலகம் போனாள். எழுத்தர் அரசின் பெயர்ப்பட்டியலைப் புரட்டினார்.

“இதுல இல்லம்மா. மலைக்காரப் பேரெல்லாம் எழுதக் கூடாதுன்னு உத்தரவு. ஜமீலான்னு வெச்சிட்டுப் போ.”

இட்டோ மறுத்தாள். ஒரு நாளல்ல, ஒரு மாதமல்ல, ஆறு ஆண்டுகள் மறுத்தாள்! பிறப்புச் சான்று இல்லை; அதனால் பள்ளியில் இடமும் இல்லை. ஒத்த வயதுப் பிள்ளைகள் பை மாட்டிப் போவதைத் திசிரி வாசலில் நின்று பார்த்தாள்.

மோஹா தளர்ந்தான். தாளில் அவர்கள் பெயர் இருக்கட்டும், வீட்டில் நம் பெயர் போதும் என்றான். அவனைக் குறை சொல்வேனா? என் மூன்று பிள்ளைகளுக்கும் அந்தப் பட்டியலைப் பார்த்துப் பெயர் வைத்தவன்தானே நான்! பின்வரிசையில் சிரிக்கும் அண்ணா, நீங்களும் அப்படித்தான்!

“பெத்தது நானு. பேரை மட்டும் அவங்க வெப்பாங்களா?” என்று கேட்டாள் இட்டோ. மறுநாளே மோஹா, ஊருக்கு மனு எழுதிக் கொடுக்கும் என்னிடம் வந்து, வழக்கு மனு எழுதித் தரச் சொன்னான்.

நீதிமன்றத்தில் நானும் இருந்தேன். இந்தப் பெயர் நாட்டுக்கு அந்நியம் என்கிறார்களே, என்ன சொல்கிறாய் என்று நீதிபதி கேட்டார். இட்டோ குரலை உயர்த்தவில்லை.

“ஐயா, இந்த மலையில பொறந்த பேரு அந்நியம்னா, நாங்க எந்த நாட்டுக்காரங்க? அதையும் அந்தப் பட்டியல்ல பாத்துச் சொல்லுங்க.”

இரண்டு வாரத்தில் தீர்ப்பு வந்தது: திசிரி செல்லும்!

இன்று காலை அதே எழுத்தர் பேனாவைத் திறந்தார். எப்படி எழுதுவது என்று தயங்கினார். பள்ளி வாசலை மிதிக்காத இட்டோ, அந்த ஒரு பெயரை மட்டும் எழுதக் கற்றிருந்தாள். ஒரு தாள் கேட்டு வாங்கி, பெரிய பெரிய எழுத்துகளில் எழுதி நீட்டினாள். அவர் எழுத்தெழுத்தாகப் பார்த்துப் பேரேட்டில் பதித்தார்.

தோழர்களே! இதுவரை அரசு சொன்னது, நாம் எழுதினோம். இன்று ஒரு தாய் எழுதினாள், அரசு பார்த்து எழுதியது!

கைக்குழந்தையோடு வந்திருக்கும் தாய்மார்களே, நாளைக் காலை அலுவலகம் திறக்கும். உங்கள் மனத்திலிருக்கும் பெயரோடு போங்கள். பொறுமையோடு கேட்ட உங்கள் செவிகளுக்கு நன்றி. உங்கள் பிள்ளைகளின் பெயர்களுக்கு என் வணக்கம்!