எதிர்ப் பிளாட்பாரத்தை மூடிய காரணம்

எதிர்ப் பிளாட்பாரத்தில் காற்று நன்றாக வரும். இப்போது அங்கே பெஞ்சைக்கூட எடுத்துவிட்டார்கள். அதனால் இங்கேயே உட்காருங்கள். இந்த நிலையத்தின் வரலாற்றை எழுத வந்திருப்பதாகச் சொன்னீர்கள். அந்தப் பிளாட்பாரத்தை ஏன் மூடினார்கள் என்று என்னைவிடச் சரியாகச் சொல்லக்கூடியவர் இல்லை. அப்போது நான்தான் ஸ்டேஷன் மாஸ்டர்.

வளைவை ஒட்டிக் கட்டிய பிளாட்பாரம் அது. வருகிற வண்டி கிட்டே வரும்வரை கண்ணில் படாது. ஓர் உயிர் போனது, மூடிவிட்டார்கள். வேறு யாரைக் கேட்டாலும் இதோடு முடித்துக்கொள்வார்கள்.

போனது என் மகள்.

அவள் அம்மா காலமான பிறகு வீட்டில் நாங்கள் இருவர்தான். அவளுக்குத் தூரத்து நகரத்தில் வேலை கிடைத்தது. சொன்ன நாளில் போய்ச் சேராவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும். நான் முகம் கொடுத்துப் பேசுவதையே விட்டுவிட்டேன். அவள் சிரித்தாள்.

“ஊருக்கெல்லாம் பச்சைக் கொடி காட்டுறீங்க. பெத்த பொண்ணுக்கு மட்டும் சிவப்பா, அப்பா?”

வாய் அப்படியே அவள் அம்மாதான்.

புறப்படுகிற அன்று என்னிடம் சொல்லிக்கொண்டு, பெட்டியோடு எதிர்ப் பக்கம் போய் நின்றாள். நகரத்து வண்டி எப்போதும் அங்கேதான் வரும். நான் மைக்கை எடுத்து, அந்த வண்டி இன்றைக்கு மட்டும் இந்தப் பக்கம், ஒன்றாம் பிளாட்பாரத்துக்கு வருகிறது என்று அறிவித்தேன். அவள் இந்தப் பக்கம் வந்து நிற்பாள். வண்டி அந்தப் பக்கம் வந்து போய்விடும். என் திட்டம் அவ்வளவுதான். ஒரு வண்டியைத் தவறவிட்டதால் யாரும் செத்துப்போவதில்லை.

மற்றப் பயணிகள் மேம்பாலம் ஏறினார்கள். அவள் ரயில்வே வீட்டுப் பிள்ளை. பிளாட்பாரத்தின் கோடியில், சரக்குத் தள்ளுவண்டிக்காகத் தண்டவாளத்தின் குறுக்கே பலகை போட்டிருப்போம். சின்ன வயதில் எனக்குச் சாப்பாடு கொண்டுவந்த வழி. நடுத் தண்டவாளத்தில் நிற்காத வண்டி ஏதாவது வந்தால் நான் மைக்கில் எச்சரிப்பது வழக்கம். அப்பா ஒன்றும் சொல்லவில்லையென்றால் வண்டி இல்லை என்று அர்த்தம். அவள் வளைவுப் பக்கம் திரும்பிப் பார்க்கவேயில்லை.

நடுத் தண்டவாளத்தில் சரக்கு ரயில் வந்துகொண்டிருந்தது. அதற்கு வழி கொடுத்ததும் நான்தான்.

விசாரணைக்கு வந்த அதிகாரி என் தோளைத் தொட்டார். “பொண்ணு போற கவலையில வாய் தவறியிருக்கும், விடுங்க சார்” என்றார். பெற்றவனை யார் குறுக்கே கேட்பார்கள்? பழி வளைவின் மேல் விழுந்தது. பிளாட்பாரம் எழுந்து வந்து சாட்சி சொல்லாது.

நீங்கள் எழுதவேண்டியது இதுதான். அவள் பலகையில் கால் வைத்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கையில் மைக் இருந்தது. ‘நில்லும்மா’ என்று சொல்ல நேரமும் இருந்தது. ஆனால் நின்றிருந்தால் திரும்பி அதே பிளாட்பாரத்தில் ஏறியிருப்பாள். நகரத்து வண்டியும் அங்கே வந்திருக்கும்.

நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் அவள் என்னை விட்டுப் போயிருப்பாள்.