பழைய மேயருக்கும் வாய் உண்டு

இவ்விழாவுக்குத் தலைமையேற்று என் வலப்பக்கத்தில் வேர்த்து விறுவிறுத்து அமர்ந்திருக்கும் மாண்புமிகு மேயர் டேல் ஓஸ்ட்பர்க் அவர்களே! போர்முனை கண்டு திரும்பிய பெரியவர்களே! விடியுமுன் எழுந்து ஆப்பிள் பை சுட்டு, அதை ஈ மொய்க்காமல் காத்து நிற்கும் தாய்மார்களே! மக்காச்சோளம் மணக்கும் எல்ம் ஃபோர்க் ஊரின் சோர்வறியாச் சொந்தங்களே! உங்கள் முன்னாள் மேயர் லோர்னா விட்டிக்கின் வணக்கம்!

ஜூலை நான்கு சுதந்திர தின ஊர்வலத்தில் பழைய மேயர் முன்னால் நடப்பார், கையசைப்பார், புது மேயரைப் பற்றி வாய் திறக்கமாட்டார். நம் ஊர் வழக்கம் இது. காலையில் டேல்கூட நினைவூட்டினார்: "லோர்னாம்மா, கையை மட்டும் ஆட்டுங்க. பேச்சை நாங்க பாத்துக்கறோம்." இதுவரை ஆட்டினேன். இன்று மைக்கைப் பிடித்துவிட்டேன், இனி விடுவதாக இல்லை!

நம் ஊரில் தீயணைக்கச் சம்பளக்காரர் உண்டா? இல்லை! அபாயச் சங்கு ஊதினால் ரொட்டிக்கடைக்காரர் ஓடுகிறார், இறைச்சி ஆலைத் தொழிலாளி ஓடுகிறார். நார்வேக்காரரின் பேரனும் ஓடுகிறான், நேற்று குவாத்தமாலாவிலிருந்து வந்தவனும் ஓடுகிறான். இதைவிட என்ன பெருமை வேண்டும் நமக்கு? இந்த வசந்தத்தில் டேல் ஓர் ஆணை போட்டார். குடியேறி வந்தவர்களை எங்கே கண்டாலும் போலீஸ் குடியேற்ற அனுமதித் தாளைக் கேட்கவேண்டும், தாள் இல்லாதவரைப் பிடித்துக் கொடுக்கவேண்டும். சங்கு ஊதும் இடத்துக்கு முதலில் வருவது யார்? அதே போலீஸ்தான்!

போன வாரம் நம் விவசாயி ஹெக்லாண்ட் தன் இரும்புத் தானியக் குதிரில் தானே சிக்கிக்கொண்டார். மார்பு வரை மக்காச்சோளம். சங்கு ஊதியது. வந்தவர்கள் பாதிப்பேர், மீதிப்பேர் போலீஸுக்குப் பயந்து கதவைச் சாத்திக்கொண்டார்கள். குவாத்தமாலாவிலிருந்து வந்த, தாள் இல்லாத வில்மர் அஹானெல் வந்தார். வாசலில் போலீஸ் வண்டியைப் பார்த்தார். பார்த்துவிட்டும், இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு உள்ளே இறங்கினார்! ஹெக்லாண்ட் பிழைத்தார். வில்மரின் கையில் விலங்கு ஏறியது.

யாரது? "நீங்க ஆண்டது போதும், இறங்குங்க"ன்னா? ராண்டியா? முடிச்சிட்டு இறங்குறேன்ப்பா. உன் கொட்டகை பத்தி எரிஞ்சப்ப தண்ணிக்குழாயைப் பிடிச்சது யாருன்னு உங்கம்மாகிட்டக் கேளு!

அதோ, ஹெக்லாண்டே எழுந்துவிட்டார். சொல்லுங்கள் ஐயா, சத்தமாகச் சொல்லுங்கள்!

"நான் உனக்கு ஒருநாளும் ஓட்டுப் போட்டதில்ல லோர்னா. டேலுக்குத்தான் போட்டேன். ஆனா நீ பேசும்மா. நான் இப்ப விடுற மூச்சு அந்தப் பையன் குடுத்தது."

கேட்டீர்களா? பதவி போனால் பாசமும் போகுமா? நாற்காலியை ஒப்படைத்தேன், ஊரையுமா ஒப்படைத்தேன்? காப்பிக்கடையில் முதுகுக்குப் பின்னால் முணுமுணுத்தால் அது மரியாதைக்கேடு. ஆகவே முகத்துக்கு நேரே சொல்கிறேன் டேல், உங்கள் ஆணை தவறு! நாளைக் காலை நகரசபை கூடுகிறது. ஆணை ரத்தானால் வில்மர் வீட்டுக்குப் போவார். இல்லாவிட்டால் நாடு கடத்தப்பட்டு, மனைவி மக்களை விட்டு விமானம் ஏறுவார். நீங்களும் ஒருநாள் முன்னாள் மேயர் ஆவீர்கள். அன்று உங்களுக்குப் பின் வந்தவர் தவறினால், இதே மேடையில் ஏறிக் கேளுங்கள். முதல் கைதட்டல் என்னுடையதாக இருக்கும்!

பொறுமையாகக் கேட்ட பெரியவர்களுக்கும், ஆப்பிள் பை ஆறிப்போயும் நகராத தாய்மார்களுக்கும், வாயடைக்காத ராண்டிக்கும் நன்றி. திடலுக்குப் பின்னால் தெரிவது சிறைச்சுவர். மேலே ஜன்னல் திறந்திருக்கிறது. எனக்காகக் கைதட்ட வேண்டாம். அந்தப் பக்கம் திரும்பி, வில்மரின் காதில் விழும்படி தட்டுங்கள்! டேல், நீங்களும் எழுந்திருங்கள். வணக்கம்!