பல் டாக்டரும் தங்கையின் மூக்கும்

தேனியிலிருந்து போடி போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் அக்காவும் தங்கையும். தங்கையின் வீங்கிய மூக்கில் பெரிய பிளாஸ்திரி.

"பல்லு டாக்டரு எதுக்குடி ஒம் மூக்குல கத்திய வச்சான்?" அக்காவின் குரல் பஸ் முழுக்கக் கேட்டது.

"எடுப்பா ஆக்கித் தாரேன்னாருக்கா. பல்லு டாக்டருன்னு பெறகுதான் தெரிஞ்சது."

"ஏலக்கா கடையில வேல பாக்குற. கால் கிலோ வாங்கவே நாலு காய உரிச்சுப் பாப்ப. மூக்க அறுக்குறவன் பிளாஸ்டிக் சர்ஜனான்னு கேக்க மாட்டியா? வாயில கொழுக்கட்டையா வச்சிருந்த?"

தங்கை திரும்பினாள்.

"அங்கன இருந்து ஒனக்குத்தான் போன் போட்டேன். என்ன படிச்சிருக்காகன்னு கேக்கவான்னேன். 'எங்க நாத்தனா சொல்லிவிட்ட டாக்டரு. படிப்பக் கேட்டா அவுக கோவிச்சுக்குவாக, பேசாமப் படு'ன்னு சொன்னது நீதான்."