ஒன்பது பெட்ரோல் எஞ்சின்களை ஓயாமல் ஓட வைத்த எங்கள் தலைமை மெக்கானிக் அக்காவுக்கு

அருஞ்செயல் பல ஆற்றியும் ஆரவாரம் அறியாத அக்கா அவர்களே! இரும்போடு பழகியும் இதயம் இறுகாத இனியவரே! கறை படிந்த கைகளால் கறை படியாத கணக்கெழுதிய கண்ணியமே! முப்பத்தோர் ஆண்டுகள் முணுமுணுப்பே இன்றி, தவறு, முணுமுணுத்துக்கொண்டேதான், எங்கள் ரத்த வங்கியின் வாகனப் பிரிவை முன்னின்று காத்த முதல்வியே! வணக்கம்!

உங்கள் பணி ஓய்வுக்கான இம்மடலை எழுதும் பொறுப்பு நான்காம் எண் வண்டியின் ஓட்டுநராகிய என் தலையில் விழுந்தது. சங்க அறிவிப்புப் பலகையில் இரண்டொரு கவிதை எழுதிய குற்றத்துக்கு இதுவே தண்டனை என்றார்கள் தோழர்கள். வாசிக்கும்போது என் குரல் எங்காவது தடுமாறினால் மைக்கைக் குறை சொல்லிக்கொள்ளுங்கள்.

பெருமைக்குரியவரே! உங்களைப் போற்றுமுன் உங்கள் கையில் வளர்ந்த எஞ்சினைப் போற்றாவிட்டால் நீங்களே எழுந்துபோய்விடுவீர்கள். வரிசையாய் நிற்கும் நான்கு சிலிண்டர்கள், ஆயிரத்து நானூற்று எண்பத்தொன்பது சிசி, வார்ப்பிரும்பு பிளாக், அலுமினிய ஹெட், தலைமேல் ஒரு கேம்ஷாஃப்ட், அதைச் சுழற்ற ஒரு ரப்பர் பெல்ட், மூச்சுவிட ஒரு கார்புரேட்டர், எழுபத்தைந்து குதிரைத்திறன். கம்ப்யூட்டர் என்ற பேச்சுக்கே இடமில்லை. வேகத்தில் யாரையும் மலைக்க வைத்ததில்லை. காலையில் சாவியைத் திருப்பினால் கிளம்பாமல் இருந்ததுமில்லை. பழசாகவே வந்து சேர்ந்த ஒன்பது கார்களும் நான்கு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டி ஓடின என்றால், அந்தப் புகழில் பாதி அவற்றைப் படைத்தவர்களுக்கு; மறுபாதி உங்களுக்கு!

நான்கு சிலிண்டர்களிலும் பெட்ரோல் பற்றும் வரிசையை நீங்கள் வாய்க்குள் சொல்லிக்கொண்டே நடப்பீர்கள்: ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு. இதோ முன்வரிசையில் சிரித்துக்கொண்டிருக்கும் உங்கள் மகள், ஒன்றாம் வகுப்பில் விரல்விட்டு எண்ணச் சொன்னபோது அதே வரிசையில் எண்ணினாளாம். டீச்சர் கூப்பிட்டனுப்பி, “பிள்ளைக்கு எண்ணவே வரலையேம்மா” என்று கவலைப்பட, “அது தப்பில்லை டீச்சர், அந்த வரிசையில எண்ணினாத்தான் வண்டி ஆடாம ஓடும்” என்று பதில் சொல்லிவிட்டு வந்தவர் நீங்கள். அந்த மகள் இன்று கணிதத் துறையில் விரிவுரையாளர் என்பதை அந்த டீச்சர் எங்கிருந்தாலும் அறிவாராக!

தாங்கள் இப்பணிக்கு வந்த வழியே தனி வழி. ஸ்பானரோடு வரவில்லை, ஸ்டோரில் உதிரி பாகங்களை எடுத்துக் கொடுத்து அட்டையில் பதியும் எழுத்தராக வந்தீர்கள். மூன்றாம் ஆண்டு ஒரு நாள், ஏழாம் எண் வண்டிக்கு, எஞ்சின் அளவுமீறிச் சூடானால் பிய்ந்துபோகும் ஹெட் கேஸ்கெட்டை மறுபடியும் கேட்டுச் சீட்டு வந்தது. நீங்கள் கேஸ்கெட்டைத் தராமல், அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே பட்டறைக்குள் நுழைந்தீர்கள். அன்றைய மேற்பார்வையாளர் கண்ணாடியை இறக்கி உங்களைப் பார்த்தார்.

“ஸ்டோர் அம்மாவுக்கு எஞ்சினைப் பத்தி என்ன தெரியும்?”

“எஞ்சினைப் பத்தி ஒண்ணும் தெரியாது சார். ஆனா இந்த ஒரே வண்டிக்கு ஒரு வருஷத்துல மூணு கேஸ்கெட் நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அது நல்லாத் தெரியும். மத்த எட்டு வண்டிக்கு ஒண்ணுகூடக் கேக்கலையே, ஏன் சார்?”

பட்டறையே வேலையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்ததாம். வண்டியை நிறுத்தி வைத்து எஞ்சினை மட்டும் ஓட விட்டார்கள். சூடேறியது; ரேடியேட்டர் விசிறி அசையவே இல்லை. அதைச் சுழற்றிவிட வேண்டிய சின்னஞ்சிறு சுவிட்ச் செத்துக் கிடந்தது. அதை மாற்றியபின் ஏழாம் எண் வண்டி ஒன்பது ஆண்டுகள் கேஸ்கெட் கேட்கவில்லை. மேற்பார்வையாளர் பெரிய மனசுக்காரர். “அம்மா, நீங்க ஸ்டோர்ல உக்காந்திருக்கிறது எங்களுக்குத்தான் நஷ்டம்” என்றார். மறுவாரமே எண்ணெய்க் கறை படிந்த சட்டையும், மாலை நேரத் தொழிற்கல்வி வகுப்பும், உங்கள் கைக்கு இரண்டு அளவு பெரிய ஸ்பானர் செட்டும் உங்களை வந்தடைந்தன.

‘அரைமில்லி அக்கா’ என்று உங்களுக்குப் பட்டம் சூட்டியவன் யார் என்று இத்தனை ஆண்டுகளாய்த் துப்புத் துலக்கிக்கொண்டிருக்கிறீர்கள். இன்று ஒப்புக்கொள்கிறேன்: நான்தான். பிளக் இடைவெளியை நீங்கள் மூன்றாம் முறையாக அளந்துகொண்டிருந்த ஒரு காலையில் பொறுக்காமல், “அரை மில்லிதானேக்கா, கூடினா என்ன ஆகிடப் போகுது?” என்று கேட்டுவிட்டேன். நீங்கள் நிமிரக்கூட இல்லை. “அரை மில்லி கூடினா ஸ்பார்க் ஒழுங்கா வராது. ஸ்பார்க் வராட்டி வண்டி போகாது. வண்டி போகாட்டி ரத்தம் போகாது. அதுக்கப்புறம் என்ன ஆகும்னு நீயே சொல்லு.” அன்று மாலையே பட்டம் சூட்டிவிட்டேன்.

குறை சொல்லாத மடல் பொய் மடல். ஆகவே இதையும் பதிகிறோம்: பத்து ஆண்டுகள் கார்புரேட்டரை வேறொருவரும் தொட நீங்கள் விட்டதில்லை. திறந்த எஞ்சினுக்கு ஐந்தடி தூரத்தில் தேநீர்க் கோப்பையோடு நின்றவர்களை நீங்கள் திட்டிய திட்டை இந்த மேடையில் வாசிக்க முடியாது.

நிற்க. பதினான்கு ஆண்டுகளுக்கு முன் நடந்ததை இந்த அவையில் சொல்லாமல் போனால் நான் நன்றி கெட்டவன்.

அன்று முற்பகல், கிளை மருத்துவமனையில் ஒரு தாய்க்குப் பிரசவத்தில் ரத்தப்போக்கு. ஆறு பைகளைப் பனிப்பெட்டியில் வைத்து நான்காம் எண் வண்டியில் கிளம்பினேன். பாதி வழியில், எந்த எச்சரிக்கையும் இல்லாமல், எஞ்சின் பட்டென்று அடங்கிவிட்டது. கேம்ஷாஃப்டைச் சுழற்றும் அந்த ரப்பர் பெல்ட் அறுந்துபோயிருந்தது. நடுரோட்டில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கை நீட்டி நின்றேன். நான்கு வண்டிகள் நிற்காமல் போயின. ஐந்தாவதாக வந்த ரொட்டி வண்டிக்காரர் ஏற்றிக்கொண்டார். அரைமணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தேன். பெட்டியை வாங்கிய மருத்துவர், “இன்னும் கொஞ்சம் லேட்டாகியிருந்தா...” என்றவர் முடிக்காமலே உள்ளே ஓடினார். தாயும் பிழைத்தார், பிள்ளையும் பிழைத்தது.

மறுநாள் விசாரணை. ‘கண்மூடித்தனமாக மிதித்து ஓட்டி எஞ்சினைக் கெடுத்தார்’ என்று காரணம் காட்டி, என்னைத் தற்காலிகமாகப் பணிநீக்கம் செய்யும் உத்தரவு தட்டச்சாகி மேசைமேல் கையெழுத்துக்குக் காத்திருந்தது. பழைய எஞ்சின்களை இனி நம்ப முடியாது, ஒன்பதையும் கழித்துவிடலாம் என்று அதிகாரிகள் பேசிக்கொண்டிருந்தார்கள். வீட்டில் எனக்கு ஒரு வயதுப் பிள்ளை. அப்போது யாரும் கூப்பிடாமலே கதவைத் திறந்துகொண்டு, பராமரிப்புப் பதிவேட்டோடு நீங்கள் உள்ளே வந்தீர்கள்.

“சார், அந்த உத்தரவுல பேரை மாத்துங்க.”

“யார் பேரைப் போடச் சொல்றீங்க?”

“என் பேரை.”

பதிவேட்டை விரித்தீர்கள். வண்டியின் மீட்டர் கெட்டு ஒன்றரை ஆண்டுக்கு மேல். நடைக்கு நாற்பது கிலோமீட்டர் என்று நீங்களே கணக்குப் போட்டு வந்திருந்தீர்கள். இடையில் பாலம் மூடி, சுற்றுவழியில் நடை அறுபதுக்கு மேல் ஆகிவிட்டிருந்தது. அதை நீங்கள் சேர்க்கவில்லை.

“எண்பதாயிரத்துல பெல்ட்டை மாத்தணும்னு புத்தகத்துல போட்டிருக்கு சார். நான் கணக்கைத் தவற விட்டதால அது தொண்ணூத்தி மூணாயிரம் ஓடியிருக்கு. சொன்னதுக்கு மேலேயே பதிமூணாயிரம் தாங்கியிருக்கு. எஞ்சின் ஏமாத்தல. இந்தத் தம்பியும் ஏமாத்தல. தப்பு என்னோடது.”

உத்தரவில் பெயரும் மாறியது, தண்டனையும் மாறியது. உங்களுக்கு வரவிருந்த பதவி உயர்வு மூன்று ஆண்டுகள் தள்ளிப்போனது. கார்கள் தப்பின. நானும் தப்பினேன்.

அதன்பின் நான்கு நாட்கள் அந்த எஞ்சினைப் பிரித்து, பிஸ்டன்மேல் மோதி வளைந்த ஆறு வால்வுகளை மாற்றினீர்கள். மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டு, பிஸ்டன் தலைகளில் பதிந்த பிறைத் தழும்புகளைக் காட்டினீர்கள். கைத்துணியால் விரல்களைத் துடைத்துக்கொண்டே இருந்தீர்கள். துடைத்து முடியவே இல்லை. “உன்னை நடுரோட்டுல நிறுத்திட்டேன் தம்பி. மன்னிச்சிடு” என்றீர்கள். “பரவாயில்லக்கா” என்று மட்டும் அன்று சொன்னேன். உங்களைவிட வயதிலும் பதவியிலும் பெரியவர்கள் என்னிடம் எத்தனையோ தவறு செய்திருக்கிறார்கள். மன்னிப்புக் கேட்டவர் நீங்கள் ஒருவரே. அன்று சொல்ல வேண்டியதை இன்று சபையறியச் சொல்கிறேன்: நன்றி, அக்கா!

அன்றிலிருந்து அறுபதாயிரத்திலேயே பெல்ட் மாற்றம். பதிவேட்டில் மெக்கானிக்கும் ஓட்டுநரும் சேர்ந்து கையெழுத்து. மீட்டர் கெட்டால் வண்டி வாசலைத் தாண்டக்கூடாது என்று மூன்று விதிகள் வகுத்தீர்கள். பதினான்கு ஆண்டுகள், ஏறத்தாழ இருபத்தைந்து லட்சம் கிலோமீட்டர். ஒரு வண்டியும் வழியில் நின்றதில்லை! கார்புரேட்டரும் அந்த ஆண்டே எல்லோர் கைக்கும் வந்தது. “நான் ஒருத்தியே பார்த்தா, நான் தப்பு விட்டாப் பார்க்க ஆளில்ல” என்றீர்கள். புதிய வண்டிகள் வந்து ஆறு எஞ்சின்கள் ஓய்வு பெற்றுவிட்டன. மூன்று இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன, உங்கள் விதிகளின்படியே.

அன்புக்குரியவரே! இனிச் சொல்லப்போவது தையல்காரராகிய உங்கள் கணவர் எங்கள் காதில் போட்டது. கோபம் வந்தால் அவரிடம் காட்டுங்கள். முப்பத்தோர் ஆண்டுகளாக எஞ்சினைக் கேட்டபடி எங்கள் பக்கத்து இருக்கையிலேயே வந்த நீங்கள், வெளிச்சாலையில் ஒருநாளும் வண்டி ஓட்டியதில்லை. உரிமம் கேட்டு இரண்டு மாதங்களுக்கு முன்தான் தேர்வுக்குப் போயிருக்கிறீர்கள். பின்னால் எடுக்கச் சொன்னால், எஞ்சினை அணைத்து, இறங்கி, பானட்டைத் திறந்து, “சார், டேப்பட் சத்தம் கேக்குது, இப்படியே ஓட்டினா கெட்டுடும்” என்றீர்களாம். “அம்மா, டெஸ்ட் வண்டிக்கில்ல, உங்களுக்கு” என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். சென்ற செவ்வாய்க்கிழமை இரண்டாம் முறை போய்த் தேறிவிட்டீர்கள். வாழ்த்துகள்! மகள் வேலை பார்க்கும் ஊருக்கு முந்நூறு கிலோமீட்டர் நீங்களே ஓட்டிப்போகப் போவதாகவும், “நான் பின்சீட்டுலயே உக்காந்துக்கிறேன்” என்று கணவர் முன்கூட்டியே சொல்லிவிட்டதாகவும் கேள்விப்பட்டோம்.

மூட்டுவலி உங்கள் முகவரி அறியாதிருக்கட்டும்! கண்ணும் காதும் இன்றுபோல் கூர்மையோடு இருக்கட்டும்! உண்ட சோறு உடலில் ஒட்டி, உறங்கிய உறக்கம் உள்ளத்தில் நிறைந்து, பெற்ற மகளும் பேணிய கணவரும் பக்கமிருக்க, நீண்ட நெடுங்காலம் நிறைவோடு வாழ்வீர்களாக! ரத்தம் சுமந்து போகையில் எவருக்கும் நாங்கள் நிற்க முடியாது. அது உங்களுக்கே தெரியும். ஆனால் பெட்டி காலியாகத் திரும்பும் வேளையில், எதிரே நீங்கள் ஓட்டி வருவதைக் கண்டால், ஓரம் ஒதுங்கி நிற்கிறோம். நீங்கள் முதலில் போங்கள், அக்கா!

என்றும் உங்கள் அன்பை மறவாத
ஓட்டுநர்கள், மெக்கானிக்குகள், ஸ்டோர் எழுத்தர்கள், ஆய்வகத்தார்
வாகனப் பிரிவு, ரத்த வங்கி