ஏலத்தில் கை தூக்கிய மாணவி

என் கோணல் கையெழுத்தையும் பிழைகளையும் பொறுத்துக்கொள்ளுங்கள். அஞ்சாம் வகுப்போடு சரி.

பட்டினத்திலிருந்து காரைக்கால் வரும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் மேலாண்மை படிக்கும் மாணவி ஒருத்தி, காலடியில் மீன்கூடையோடு இருந்தாள். வழியில் ஏறிய அவளுடைய பேராசிரியை அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“மேடம், ஆராய்ச்சிக்குப் போன இடத்துல ஒரு கூடை சங்கரா வாங்கிட்டேன்.”

“ஏம்மா?”

“மீன் ஏலம் போய்க்கிட்டு இருந்துச்சு. சந்தேகம் கேக்கலாம்னு கை தூக்குனேன். ஏலத்தை எனக்கே முடிச்சுட்டாங்க.”

“வகுப்புன்னு நெனச்சியா?”

“சிரிக்காதீங்க மேடம். என்னை ஆராய்ச்சியிலேர்ந்து எடுத்துடுவீங்களா?”

“எடுக்குறதா? நான் போனப்ப ஓரமா நின்னு பாத்ததோட சரி. நீ ஏலமே எடுத்திருக்க. கட்டுரையில என் பேருக்குப் பக்கத்துல உன் பேரும் வரும்.”

“அப்ப மீனு?”

“அது எங்க வீட்டுக்கு வரும்.”

ஆவணி கடைசி ஞாயிறு எழுதியது.