பிள்ளை பெற்றவளின் மூட்டுப் படம்

மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, நாற்காலி கிடைக்காமல் பின்னால் நிற்கும், மறைந்த அக்காவின் வீட்டாரே, வணக்கம்.

இதுவரை பேசியவர்கள் எல்லோரும் எங்கள் ஸ்கேன் துறை மருத்துவரான அக்காவை ‘மேதை’ என்றார்கள். மகிழ்ச்சி. இதே வாய்கள்தாம் அவருக்குப் ‘பிரசவ நிருபர்’ என்று பட்டம் சூட்டின. ஏன்? இடுப்பு வலியோடு வரும் பெண்ணிடம், எப்போது பிள்ளை பெற்றாள் என்று கேட்காமல் அவள் படத்தை அவர் படிக்கமாட்டார்.

பிள்ளையைச் சுமந்து பெற்றவளின் இடுப்பு மூட்டில் மாதக்கணக்கில் வெள்ளைத் திட்டு தெரியலாம். மூட்டு நோய் வந்தாலும் அதே வெள்ளைதான். கேட்டால்தானே தெரியும்? இதில் என்ன கம்பசூத்திரம்?

கைக்குழந்தைக்காரி ஒருத்தி அக்காவிடம் வந்து அழுதாள். “மூட்டு நோயாம், ஆயுசுக்கும் ஊசியாம் டாக்டர். பாலையும் நிறுத்தச் சொல்லிட்டாங்க.” அக்கா அவள் படத்தை மறுபடி பார்த்தார். நோய் இல்லை என்று எழுதினாரா? இல்லை. பிரசவத்தாலும் இப்படி வரலாம், பொறுத்திருந்து மீண்டும் படம் எடுங்கள் என்று எழுதினார். மூட்டு நோய்த் துறைத் தலைவர், இதோ, மாலை போட்ட அக்காவின் படத்துக்குப் பக்கத்தில் அமர்ந்திருக்கிறாரே, அவர் சொன்னார்: “படம் படிக்கத்தான் சம்பளம். பிரசவக் கதை கேக்கறதுக்கு இல்ல.”

அடுத்த வாரமே அக்காவை எலும்பு முறிவு எக்ஸ்ரே அறைக்குத் தள்ளினார்கள். அறைக்கு ஜன்னல்கூடக் கிடையாது. நாம் என்ன செய்தோம்? வழியனுப்பி வைத்தோம்.

மாதங்கள் போயின. அந்தப் பெண்ணின் புதிய படத்தில் திட்டு மறைந்திருந்தது. தலைவர் கருத்தரங்கில் இரண்டு படங்களையும் காட்டி, மருந்தின் வெற்றி என்றார். தான் எழுதிக்கொடுத்தால் நோயாளி போட்டுக்கொண்டிருப்பாள் என்பது அவர் நம்பிக்கை. அரங்கம் கைதட்டியது. அக்கா எழுந்தார்.

“அந்தப் பொண்ணு ஒரு ஊசிகூடப் போடலீங்க. இன்னும் பால் குடுத்துட்டுதான் இருக்கா.”

சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அன்று வெட்கப்பட்டவர் உண்டா? தேநீருக்கு எழுந்தவர்கள் உண்டு!

அவர் வழியில் நடப்போம் என்று சற்றுமுன் உறுதி சொன்னீர்கள். நடக்கத் தெரிந்தவர்கள் அவர் இருந்தபோதே நடந்திருப்பார்கள். ஸ்கேன் துறையில் இப்போது படம் படிக்கும் நான், என்னைப் பற்றி மட்டும் சொல்கிறேன். இன்று காலை இன்னொரு தாயின் படம் வந்தது. ‘நோய் உறுதி’ என்று எழுதச் சொல்லி மேலிருந்து போனும் வந்தது. நான் அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன். குழந்தைக்கு இன்னும் கழுத்து நிற்கவில்லையாம்.

தலைவர் அவர்களே, என் அறிக்கை உங்கள் மேசையில் இருக்கிறது. எக்ஸ்ரே அறையின் சாவியை நானே வாங்கிக்கொள்கிறேன்.