எம், டி, அரைப்புள்ளி

— துஷாந்தினி, ஒளிக்காமல் சொல்லும் பிள்ளை. நீர் அனுப்பின ஈமெயிலைப் பொலிஸ் பிரின்ட் எடுத்துத் தந்திருக்கு. எம், டி, அரைப்புள்ளி, ஜி, எஸ், அரைப்புள்ளி, எஸ். என்ன இது?

— ‘அன்புள்ள’ங்க ஐயா.

— பதுளைக் கந்தோரிலை இவ்வளவு காலம் மொழிபெயர்ப்பாளரா இருக்கிற எனக்கு ‘அன்புள்ள’ தெரியாதெண்டோ? எம் எண்டால் மோட்டார் குண்டு எண்டு இன்ஸ்பெக்டர் சொல்லுறார். இன்டர்நெட்டிலை சங்கேத எழுத்து அனுப்பக் கூடாதெண்டு மேலிடத்து ஓடர்.

— நான் பூனாகலை தேயிலைத் தோட்டத்துல சின்னப் புள்ளைங்களுக்குப் படிச்சுக் குடுக்குறவங்க. இங்க றஹீம் நானா இன்டர்நெட் கடைக்கு வந்து தமிழ்ல அடிச்சேன், அம்புட்டுத்தான். அது பாமினிங்க.

— பாமினி ஆர்? அவவும் பூனாகலையோ?

— அது ஆளில்ல சேர், என்ட கடைக் கம்பியூட்டர்ல ஈக்கிற தமிழ் எழுத்து. அது இல்லாத கம்பியூட்டர்ல தொறந்தா இங்கிலீசுல கண்டபடி விழும். பொலிஸ்ல அந்த எழுத்து இல்ல.

— உதை இன்ஸ்பெக்டர் நம்பமாட்டார் றஹீம். உம்மடை கடையைப் பூட்டிப்போட்டு இந்தப் பிள்ளையை விசாரணைக்குக் கொழும்புக்கு ஏத்தப் போறார். உம்மடை கம்பியூட்டரிலை இதைத் தமிழிலை மாத்திக் காட்டும். நான் மொழிபெயர்த்துக் கையெழுத்து வைச்சால் பிரச்சினை முடிஞ்சுது.

— ஐயா, நீங்க மட்டும் வாசிக்க வேணாங்க. வேற யாராச்சும் வாசிக்கட்டும்.

— ஏன், என்ரை தமிழுக்கு என்ன குறை?

— அதுக்கில்லீங்க...

— அரசாங்கத்துக்குத் தெரியாமல் இனி ஒரு ரகசியமும் இல்லைப் பிள்ளை. நான் வாசிச்ச கையோடை மறந்துபோற ஆள். மாத்தும் றஹீம்.

— இந்தா விழுந்துட்டு சேர்.

— ஓ, வடிவாத் தெரியுது. “அன்புள்ள மது, கட்டாரில் வெயில் எப்படி?” ஆர் மது?

— என் வீட்டுக்காரருங்க. மதுன்னு நான் மட்டும் கூப்பிடுறதுங்க. போன தடவை லீவுல வந்தப்ப ரெஜிஸ்டர் பண்ணிக்கிட்டோம். ரெண்டு வீட்டுலயும் தெரியாது.

— பாவம் அந்தப் பெடியன்ரை தேப்பன். ஒண்டும் விளங்காமல் பேப்பர் பாத்துக்கொண்டு இருப்பான், விசரன்.

— ஐயா, போதுங்க. நிப்பாட்டிருங்க.

— பொறும். “நான் தோட்டத்துப் பிள்ளை. உங்கள் அப்பா சிற்றம்பலம் ஐயா என்னை ஏற்றுக்கொள்வாரா என்று...”

— சேர், ஓங்கட மகனும் கட்டார்லதானே? ஓங்கட பேரும் சிற்றம்பலம்தானே? இன்ஸ்பெக்டருக்கு இப்ப என்ன செல்ற?

— ‘வெயில் விசாரிச்ச கடிதம்’ எண்டு கையெழுத்து வைக்கிறன். மருமேள், உம்மடை மாமி அறிஞ்சால் என்னைக் கொண்டுபோடுவா. இதை விட விளங்காத எழுத்து ஏதும் இருக்கோ?